ஜேசிபி வருவதற்கு முன்பே இடிந்துவிடும் கட்டடங்கள்

பழைய கட்டடம் ஒன்றை இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மஞ்சள் இயந்திரமும் புழுதியும் சரியும் சுவரும்தான் மனத்தில் வருகின்றன. செய்தித்தாளில் படம் வருவதும் அன்றுதான். ஆனால் சென்னை இழந்த முக்கியமான கட்டடங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தால், பெரும்பாலானவற்றின் முடிவு இயந்திரம் வருவதற்குப் பத்து, இருபது ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது தெரியும். கூரை ஒழுகியது, யாரும் அடைக்கவில்லை. வாடகைதாரர்கள் வெளியேறினார்கள், புதியவர்களை வைக்கவில்லை. மாடிப் படிக்கட்டைப் பூட்டினார்கள். அரசங்கன்று வேர்விட்டது. கடைசியில் ஒரு பொறியாளர் வந்து, "இது ஆபத்தான கட்டடம்" என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளில் உள்ளது உண்மைதான். கட்டடம் அந்த நிலைக்கு எப்படி வந்தது என்பது மட்டும் அதில் இருப்பதில்லை.

பராமரிக்காமல் விட்டே ஒரு கட்டடத்தை அழிப்பதைக் கட்டடப் பாதுகாப்புத் துறையில் தனி வகை இடிப்பாகவே கருதுகிறார்கள். சில இடங்களில் உரிமையாளர் வேண்டுமென்றே செய்கிறார். பல இடங்களில் பணம் இல்லை, அக்கறை இல்லை, வாரிசுகளுக்குள் வழக்கு. விளைவு ஒன்றுதான். ஒரு நகரம் தன் பழைய கட்டடங்களை எப்படி இழக்கிறது என்று புரிந்துகொள்ள இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சென்னையை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். வேறு ஊரில் பெயர்களும் ஆண்டுகளும் மாறும், முறை பெரிதாக மாறாது.

அண்ணா சாலையில் ஒரு சிவப்புக் கட்டடம்

அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சந்திக்கும் மூலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இருக்கிறது. 1897-இல் கட்டியது. டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிகர் தன் நிறுவனத்துக்காகக் கட்டினார். அப்போது அதன் பெயர் கார்டைல் கட்டடம். வடிவமைத்தவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். சிவப்புச் செங்கல், கூம்பிய கோபுரங்கள், வளைவுகள் எல்லாம் கலந்த இந்தோ சாராசனிக் பாணி. 1934-இல் பாரத் இன்சூரன்ஸ் நிறுவனம் வாங்கியதால் இன்றைய பெயர் வந்தது. ஆயுள் காப்பீட்டுத் தொழில் 1956-இல் நாட்டுடைமையானபோது எல்ஐசியிடம் வந்தது.

2006-இல் எல்ஐசி அதை இடிக்கத் தொடங்கியது. கட்டடம் பழுதடைந்துவிட்டது, ஆபத்தானது என்பது அவர்கள் சொன்ன காரணம். பாரம்பரியப் பாதுகாப்புக்காக 1984-இல் தொடங்கப்பட்ட இன்டாக் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. அதற்குள் ஒரு பகுதி போய்விட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2010 ஏப்ரலில், கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. பாரம்பரியக் கட்டடங்களுக்கென ஒரு பாதுகாப்புக் குழுவை அமைக்கும்படி சொன்னது. முன்னதாக விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில், நீதிபதி இ. பத்மநாபன் தலைமையிலான குழு சென்னையின் பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டிருந்தது. கட்டடங்களின் முகத்தைப் பலகைகள் மறைக்கக் கூடாது என்பதற்காகத் தயாரான பட்டியல் அது. அதிலிருந்த 467 கட்டடங்களுக்கும் 2010 தீர்ப்பு ஒரு பாதுகாப்பைக் கொடுத்தது. சென்னையில் இன்று ஒரு பழைய கட்டடத்துக்காக யார் வாதாடினாலும் இந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகும் அந்தக் கட்டடம் ஆண்டுக் கணக்கில் பாதி சிதைந்த நிலையிலேயே கிடந்தது. இடிக்காதே என்று நீதிமன்றம் சொல்லலாம். அதைச் சீர்செய்து, உள்ளே விளக்கேற்றி, ஒரு அலுவலகத்தையோ கடையையோ குடியேற்றுவது உரிமையாளர் கையில் இருக்கிறது. எனக்கு இந்தக் கட்டடத்தைவிடத் தெளிவான பாடம் வேறெதுவும் தெரியவில்லை: தடை உத்தரவு இயந்திரத்தை நிறுத்தும், மழையை நிறுத்தாது.

எது பாரம்பரியக் கட்டடம், யார் காப்பது

தொடக்கநிலையில் பலரும் குழம்புவது இந்த இடத்தில். நூறு ஆண்டு பழையதென்றால் தானாகவே பாதுகாப்பு வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது.

மேல்மட்டத்தில் மத்தியத் தொல்லியல் துறை இருக்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத, தேச முக்கியத்துவம் வாய்ந்தது என்று அறிவிக்கப்பட்ட சின்னங்களை அது பாதுகாக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டை இந்த வகை. இத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். அடுத்ததாகத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை, 1966-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின் கீழ். இரண்டும் கோயில், கோட்டை, கல்வெட்டு, குடைவரை ஆகியவற்றை மனத்தில் வைத்துப் பிறந்த சட்டங்கள். ஆட்கள் வாழ்கிற, வியாபாரம் நடக்கிற, கைமாறுகிற நகரக் கட்டடங்களுக்கு அவை பொருந்துவதில்லை. ஜார்ஜ் டவுனில் நான்கு கடை நடக்கும் ஒரு பழைய மாளிகையைக் கம்பிவேலி போட்டு நீலப் பலகை நட்டுக் காப்பாற்ற முடியாது.

அதற்காகத்தான் நகர அளவில் பட்டியல் வேண்டும். இந்தியாவில் இதற்கு முதலில் விதிகள் கொண்டுவந்த நகரம் மும்பை, 1995-இல். கட்டடங்களை அங்கே தரம் பிரித்தார்கள். முதல் தரத்தில் உள்ளதை உள்ளும் புறமும் மாற்ற முடியாது. இரண்டாம் தரத்தில் உட்புறத்தைத் தேவைக்கேற்ப மாற்றலாம், முகப்பைக் காக்க வேண்டும். மூன்றாம் தரத்தில் இன்னும் தளர்வு. தெருவின் தோற்றம் கெடாமல் இருந்தால் போதும். பட்டியலில் வந்தால் வீட்டை ஒன்றுமே செய்ய முடியாது என்ற பயம் உரிமையாளர்களிடம் இருக்கிறது. அது முதல் தரத்துக்கு மட்டும் பொருந்துகிற பயம் என்பதை யாராவது அவர்களிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

சென்னையில் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் கீழ் அந்தப் பாதுகாப்புக் குழு இயங்குகிறது. மாநிலம் முழுவதற்குமாகப் பாரம்பரிய ஆணையம் அமைக்க 2012-இல் சட்டப்பேரவை ஒரு சட்டம் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வராமலே பல ஆண்டுகள் கிடந்தது. அந்த ஆண்டுகளில் இடிந்த கட்டடங்களைச் சட்டத்தால் திரும்பக் கொண்டுவர முடியாது.

காரைக் கட்டடம் எப்படிச் சாகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் "பழைய கட்டடம், எத்தனை நாள்தான் தாங்கும்?" என்ற கேள்விக்குப் பதில் கட்டுமான முறையில் இருக்கிறது.

சென்னையின் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் தேக்கு மரமும் கொண்டு கட்டியவை. மேல்தளத்துக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம், அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகள். கட்டைகளுக்கு மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் வரிசையாகப் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து நாள் கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு எனப்படும் தட்டையான ஓடு பதிப்பார்கள். கம்பி ஒன்றுகூட இல்லாத இந்தத் தளம் நூற்றைம்பது ஆண்டு தாண்டியும் பல இடங்களில் நிற்கிறது. வெயில் காலத்தில் அதன் கீழே படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதுதான் அதன் பலம். அந்தச் சுவருக்கு மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். செங்கல் உதிரும், பூச்சு உப்பும், பாளம் பாளமாகப் பெயரும். "சரிசெய்கிறேன்" என்று நல்ல எண்ணத்தோடு செய்த சிமென்ட் பூச்சே பல வீடுகளைக் கெடுத்திருக்கிறது. கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் குறைந்துபோய், அடுத்த தலைமுறை சிமென்ட் மட்டுமே கற்றது.

அடுத்தது மேல்தளத்து நீர். மாடியில் மழைநீர் இறங்கும் துவாரத்தைச் சருகு அடைக்கிறது. தேங்கும் நீர் தட்டோட்டின் இடுக்கு வழியாக இறங்குகிறது. உத்தரத்தின் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியும். அது நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் ஈரத்தில் மக்குகிறது, கரையானுக்கும் அதுவே வாசல். கைப்பிடிச் சுவர் விரிசலில் பறவை போட்ட விதை முளைக்கிறது. ஓர் அரசங்கன்றைப் பிடுங்க முதல் ஆண்டில் ஐந்து நிமிடம் போதும். பத்து ஆண்டு விட்டால் சுவரைப் பிரிக்காமல் வேரை எடுக்க முடியாது.

இவற்றில் எதுவும் முதுமையால் வந்த நோய் இல்லை. சருகை அள்ளாதது, ஓடு மாற்றாதது, கன்றைப் பிடுங்காதது. ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள். அவற்றை இருபது ஆண்டு செய்யாமல் விட்டால் வரும் மொத்தப் பில்லைக் காட்டித்தான், "சீர்செய்யும் செலவில் புதிதாகவே கட்டிவிடலாம்" என்கிறார்கள்.

கணக்கு

பராமரிக்காமல் விடுவது ஏன் லாபமாக இருக்கிறது? மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஒரு கிரவுண்டு மனையில் பழைய வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. திண்ணை, ரேழி, முற்றம் எல்லாம் போக வீட்டின் கட்டடப் பரப்பு 1,500 சதுர அடி இருக்கலாம். தளப்பரப்புக் குறியீடு என்ற விதிதான் ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்று சொல்கிறது. குறியீடு 2 என்றால் மனையின் பரப்பைப் போல இருமடங்கு, அதாவது 4,800 சதுர அடி கட்டலாம். இப்போது இருப்பதற்கும் கட்டக்கூடியதற்கும் இடையே 3,300 சதுர அடி. அதைச் சந்தை விலையால் பெருக்கினால் வரும் தொகைதான் அந்த வீட்டின் எதிரி. குறியீட்டை அரசு உயர்த்தும்போதெல்லாம் இந்தத் தொகையும் உயர்கிறது. 2019-இல் தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தபோது சாதாரணக் கட்டடங்களுக்கான குறியீடு 1.5-லிருந்து 2 ஆனது. உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25. வீடு தேவைப்படும் நகரத்துக்கு இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு விதியை மாற்றும்போது எத்தனை முற்றங்களின் விலை ஒரே நாளில் ஏறிவிட்டது என்பதையும் யோசித்திருக்க வேண்டும்.

வீடு ஐந்து வாரிசுகளுக்குப் பொது என்றால் கணக்கு இன்னும் கடுமை. முற்றத்தை ஐந்தாகப் பிரிக்க முடியாது, அடுக்குமாடியைப் பிரிக்கலாம். ஆளுக்கொரு பிளாட், பிரிக்கப்படாத நிலப் பங்கு, கையில் கொஞ்சம் பணம். ஊரிலேயே தங்கிவிட்ட ஒருவர் மட்டும் வேண்டாம் என்பார். கடைசியில் அவரும் கையெழுத்துப் போடுவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாடகைக்கு விட்ட கட்டடங்களுக்குச் சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. வாடகை வருமானம் அற்பமாக நிற்க, வாடகைதாரரை அப்புறப்படுத்தவும் காரணங்கள் குறைவாக இருக்க, அந்தப் பிரிவு ஒரு வழி சொன்னது: இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறேன் என்று காட்டினால் காலி செய்யச் சொல்லலாம். காலி செய்ய வைக்க இடிப்பே வலுவான காரணமென்றால், கட்டடத்தை நன்றாக வைத்திருப்பதில் உரிமையாளருக்கு என்ன லாபம்? வாடகைதாரரைக் காக்கப் பிறந்த சட்டம் கட்டடத்துக்கு எதிராகத் திரும்பியது இப்படித்தான். 2017-இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் இதற்குப் பதிலாக வந்துவிட்டது. ஜார்ஜ் டவுனும் திருவல்லிக்கேணியும் அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கு மேல் பழைய சட்டத்தின் கீழ்தான் வாழ்ந்தன.

மரத்துக்கும் விலை உண்டு. புதுக் கட்டடத்தை இடிக்க ஒப்பந்ததாரருக்கு நாம் பணம் கொடுக்க வேண்டும். தேக்கு நிறைந்த பழைய வீட்டுக்கு அவர் நமக்குப் பணம் கொடுத்து இடிப்பார். உத்தரம், தூண், நிலைக்கதவு, ஜன்னல் கம்பி, செங்கல் வரைக்கும் விற்றுவிடலாம். "பழைய வீடு இடித்த மரம் கிடைக்கும்" என்று பலகை வைத்த கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. நல்ல மரம் உள்ள வீட்டுக்கு அந்த மரமே ஆபத்து.

தீ

சென்னையின் இழப்புப் பட்டியலில் நெருப்புக்குத் தனி இடம் உண்டு. அண்ணா சாலையில் ஸ்பென்சர்ஸின் பழைய கடைக் கட்டடம் 1980-களின் தொடக்கத்தில் எரிந்தது. இன்றைய ஸ்பென்சர் பிளாசா அதே இடத்தில் எழுந்தது. சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் இருந்த மூர் மார்க்கெட் 1900-இல் திறந்தது. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயர். பழைய புத்தகங்கள், இசைத்தட்டுகள், கிளி, புறா என்று வேறெங்கும் கிடைக்காதவை அங்கே கிடைத்தன. படிக்கப் பணமில்லாத பல தலைமுறை மாணவர்கள் பாடப்புத்தகம் வாங்கிய இடம் அது. இரயில்வே அந்த இடத்தைக் கேட்டுவந்தது. வியாபாரிகள் நகர மறுத்தார்கள். 1985 மே மாதம் அது எரிந்துபோனது. வியாபாரிகள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் இன்று புறநகர் இரயில் நிலையம்.

இவற்றோடு மூன்றாவது தீயையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை 1768-இல் கட்டியது. அதன் ஒரு பகுதியான கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. தீயணைக்கப் போன அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கூரை போய், சுவர்கள் கருகி நின்றன. "இனி இடிப்பதைத் தவிர வழியில்லை" என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. ஆனால் பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பும் மரமும் கொண்டு பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்கத் தொடங்கியது. அடுத்து நின்ற ஹுமாயூன் மகாலுக்கும் சீரமைப்பு வந்தது. தீ விபத்து ஒன்று, அதன்பின் எடுக்கும் முடிவு வேறொன்று. இரண்டாவதை எப்போதும் மனிதர்கள்தான் எடுக்கிறார்கள்.

அரசு என்ற உரிமையாளர்

தனியாருக்குப் பணக் கணக்கு உண்டு. அரசு இடித்தவற்றுக்கு என்ன சமாதானம் சொல்வது?

கடற்கரைச் சாலையில், இன்றைய ராஜாஜி சாலையில், பென்டிங்க் கட்டடம் இருந்தது. 1862-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறந்தபோது அது இயங்கியது அங்கேதான். 1892-இல் இப்போதைய சிவப்பு மாளிகை திறக்கும்வரை முப்பது ஆண்டு. பிறகு ஆட்சியர் அலுவலகம். அதை இடித்துவிட்டுச் சிங்காரவேலர் மாளிகையைக் கட்டினார்கள். சிங்காரவேலர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர் பெயரைச் சூட்ட இந்த நகரத்தில் வேறு இடமா இல்லை?

ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் நடந்தது இன்னும் வலிப்பது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஆளுநர்கள் வாழ்ந்த அரசினர் மாளிகை அங்கே இருந்தது. புதிய சட்டப்பேரவை வளாகத்துக்காக 2008 வாக்கில் அதை இடித்தார்கள். புதிய வளாகம் 2010 மார்ச்சில் திறந்தது. ஆட்சி மாறியது, பேரவை கோட்டைக்கே திரும்பியது, புதுக் கட்டடம் 2014-இல் மருத்துவமனையானது. மருத்துவமனை நல்லதுதான், ஆயிரக்கணக்கானோர் பயனடைகிறார்கள். ஆனால் எந்தத் தேவைக்காக அந்த மாளிகை போனதோ அந்தத் தேவை ஓர் ஆண்டுக்குச் சற்று மேல்தான் நீடித்தது. பக்கத்தில், ஜான் கோல்டிங்ஹாம் வடிவமைத்து 1802-இல் முடிந்த ராஜாஜி மண்டபம் மட்டும் தனியாக நிற்கிறது.

தடுத்த கதைகளும் இருக்கின்றன. மெரினா எதிரே காவல்துறைத் தலைமை அலுவலகம், 1839-இல் ஃப்ரீமேசன்கள் என்ற சங்கத்தினர் தங்களுக்காகக் கட்டியது. 1993-இல் அதை இடித்துப் பல மாடி கட்டத் திட்டமிட்டார்கள். வழக்கு, எதிர்ப்பு. அரசு பின்வாங்கி, கட்டடத்தைச் சீர்செய்து இன்றும் பயன்படுத்துகிறது. 2003-இல் இராணி மேரி கல்லூரியை அகற்றிவிட்டு அங்கே தலைமைச் செயலகம் கட்டும் திட்டம் வந்தது. 1914-இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி அது. மாணவிகள் வாசலில் உட்கார்ந்தார்கள், ஆசிரியர்களும் முன்னாள் மாணவிகளும் சேர்ந்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. இந்த இரண்டிலும் கட்டடம் பயன்பாட்டில் இருந்தது, உள்ளே ஆட்கள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்காக வாசலில் உட்கார யார் வருவார்கள்?

"வெள்ளைக்காரன் கட்டியதுதானே?"

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அடிமைப்படுத்தியவனின் மாளிகையை ஏன் காக்க வேண்டும் என்பதில் ஒரு கோபம் இருக்கிறது, அது நியாயமானது. ஆனால் உயர் நீதிமன்றத்தையும் விக்டோரியா பொது மண்டபத்தையும் கட்டியெழுப்பிய ஒப்பந்ததாரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். செங்கல் அடுக்கியதும் சுண்ணாம்பு அரைத்ததும் இந்த ஊர்க் கைகள். அந்த விக்டோரியா மண்டபத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது. நவீனத் தமிழ் நாடகம் வளர்ந்த மேடை அது. ஆர்மீனியன் தெருவில் கோகலே ஹாலை அன்னி பெசன்ட் கட்டியெழுப்பியது 1915-இல். ஹோம் ரூல் என்ற தன்னாட்சி முழக்கம் ஒலித்த அரங்கம், பின்னாளில் கர்நாடக இசைக் கச்சேரிகளும் நடந்த அரங்கம். அதையும் இடிக்கத் தொடங்கி, நீதிமன்றம் தடுக்க, பாதி இடிந்த நிலையில் பல ஆண்டுகள் விட்டுவைத்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்துப் பேசிய மண்டபத்துக்கும் அதே கதிதான். இடிப்பவர்கள் யார் கட்டியதென்று பார்த்து இடிப்பதில்லை.

எல்லாவற்றையும் காக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னை நகரமே இடித்து இடித்துத்தான் வளர்ந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-இல் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பிய பிறகு, கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தை, எதிரி மறைந்து நெருங்க இடமிருக்கக் கூடாதென்று, தரைமட்டமாக்கினார்கள். அங்கிருந்த சென்ன கேசவப் பெருமாள் கோயிலும் அதில் போனது. இன்றைய பூக்கடைப் பகுதியில் அதை மீண்டும் கட்டினார்கள். உயர் நீதிமன்றம் நிற்பது அந்தப் பழைய நகரத்தின் மேல். நகரம் மாறட்டும். மெட்ரோ வரட்டும், வீடில்லாதவர்களுக்கு வீடு வரட்டும். எதை இழக்கப் போகிறோம் என்று தெரிந்து, பேசி, வேறு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இடிப்பதற்கும், மழைக்குக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைவதற்கும் வேறுபாடு இருக்கிறது.

புதுச்சேரியின் மேரி

அலட்சியத்தின் விலை என்னவென்று புதுச்சேரி கண்ணெதிரே பார்த்தது. கடற்கரையில், 1870-களை ஒட்டிக் கட்டிய நகர மண்டபம், பிரெஞ்சு வழக்கில் மேரி, 2014 நவம்பர் இறுதியில் மழையில் தானாகவே சரிந்து விழுந்தது. பழுதானது எல்லோருக்கும் தெரியும். சீரமைப்புப் பேச்சும் ஆண்டுக் கணக்கில் நடந்தது. பிறகு உலக வங்கி நிதியில் அதே வடிவத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். கடற்கரையின் வரிசை கலையாமல் தப்பியது. அதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனாலும் பழைய தூணும் பழைய மரமும் பழைய கைவேலையும் போய்விட்டன. இனி அந்தக் கட்டடத்தை ஆராய்ந்து பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டுமானம் பற்றி ஒன்றும் கற்க முடியாது. நேரத்தில் கூரையை மாற்றியிருந்தால் இத்தனை பணம் தேவைப்பட்டிருக்காது.

எது பலன் தருகிறது

அபராதத்தைவிட உரிமையாளரின் கணக்கை மாற்றும் வழிகளே பலன் தரும் என்று நம்புகிறேன். மேம்பாட்டு உரிமையை மாற்றிக்கொடுப்பது ஒன்று. மேலே சொன்ன மயிலாப்பூர் வீட்டில் கட்டப்படாமல் இருக்கும் 3,300 சதுர அடியை, வீட்டை இடிக்காமலே, வேறிடத்தில் கட்டும் ஒருவருக்கு விற்க அனுமதித்தால் வீடும் நிற்கும், பணமும் வரும். மும்பையின் பாரம்பரிய விதிகள் இதற்கு இடம் கொடுக்கின்றன. பெரிய வளாகங்களின் உரிமையாளருக்குக் கிடைக்கிற இந்த வழி, ஒரு கிரவுண்டு வீட்டுக்காரரும் நான்கு அலுவலகம் அலையாமல் பெறக்கூடியதாக இருக்க வேண்டும். சொத்துவரிச் சலுகை இன்னொன்று. சுண்ணாம்பு வேலைக்குக் கொத்தனார்களைப் பயிற்றுவிப்பது மற்றொன்று. கலச மகால் வேலையில் ஈடுபட்டவர்களின் திறமை அடுத்த கட்டடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

பட்டியல்களில் இருப்பவை பெரும்பாலும் பொதுக் கட்டடங்கள். ஒற்றைத் திரை அரங்குகளைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை; அண்ணா சாலையிலும் அதைச் சுற்றியும் கெயிட்டி, வெலிங்டன், சஃபையர், சாந்தி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. வடசென்னையின் தறி வீடுகள், மீனவர் குப்பங்களின் ஓட்டு வீடுகள், பேட்டைகளின் தர்காக்கள், சத்திரங்கள் எல்லாம் யார் கணக்கிலும் சரியாக வரவில்லை.

உங்கள் தெருவில் அப்படி ஒன்று இருந்தால், அது பட்டியலில் இருக்கிறதா என்று சிஎம்டிஏவில் கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். கட்டிய ஆண்டு, கைமாறிய விவரம், அங்கே நடந்தவை, படங்கள் ஆகியவற்றை இணைத்தால் மனு வலுவாகும். உரிமையாளர் சம்மதித்தால் முன்கூட்டியே உள்ளே போய் அளவெடுத்து, முற்றத்தையும் தூணையும் கதவையும் படம் பிடித்து வையுங்கள். பத்திர நகல் இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். வீட்டுக்காரர் வயதானவராக, தனியாக இருந்தால், ஐப்பசி மழைக்கு முன் மாடியிலிருக்கும் சருகை அள்ளவும் அரசங்கன்றைப் பிடுங்கவும் ஓர் ஆளை ஏற்பாடு செய்து கொடுங்கள். அதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் வேண்டியதில்லை.